அழகு நிலையமா? மருத்துவ நிலையமா?

பி.எஸ்ஸி. (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

எங்கள் ஊராகிய நாங்குநேரிக்கு வருவோர் வானமாமலைப் பெருமாள் கோயிலில் தவறாமல் பார்த்துச் செல்வது எண்ணெய்க் கிணறு. பெருமாளுக்கு நாள்தோறும் எண்ணெய்க் காப்பு நடைபெறுகிறது. சாத்திய எண்ணெய் அக்கிணற்றில் சேர்கிறது. தோல் நோய் உடையோர் அதை வாங்கிப் பூசிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். ஆகவே, தோலைக் குணப்படுத்திக்கொள்ளும் நாட்டத்துடன் வெளியூரார் எங்கள் மண்ணை மிதிப்பது புதிதன்று. சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த ஒரு விற்பனையாளர் கொண்டு வந்ததுதான் புதிது. பளபளக்கும் தாளில் அச்சிட்ட விளக்கப் புத்தகம் அது. அதன் அட்டையில் 'மெடிக்கல் ஸ்பா' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

ஸ்பா என்பது பெல்ஜியம் நாட்டில் உள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூரின் ஊற்று நீரில் தாது உப்புகள் உண்டு. அதில் குளித்தாலும் அதைக் குடித்தாலும் நோய் தீரும் என்று ஐரோப்பியர் அங்கே கூடினர். நமக்குக் குற்றாலம் போல என்று வைத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் நிலையங்கள் எல்லாமே அப்பெயரைச் சூடிக்கொண்டன. அதனோடு 'மெடிக்கல்' என்ற சொல்லும் சேர்ந்துவிட்டால் பொருளே மாறிவிடுகிறது. சுருக்கம் போக்கும் ஊசி, நிறம் கூட்டும் ஊசி, லேசர் கொண்டு முடி நீக்குதல், அமிலம் பூசித் தோல் உரித்தல், தலையில் முடி நடுதல் ஆகியவை உள்ளே வந்துவிடுகின்றன.

அந்த விற்பனையாளர் தேடி வந்தது என் அக்காளை. அக்காள் அழகுக்கலைப் பயிற்சி பெற்றவள். திருநெல்வேலியில் ஓர் அழகு நிலையத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். காலைப் பேருந்தில் போய் இரவுப் பேருந்தில் திரும்பிய அலுப்பில், ஊரிலேயே சொந்தமாக ஒரு நிலையம் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். லேசர் கருவி ஒன்று, நுண்ணூசிக் கருவி ஒன்று, ஊசி மருந்துப் பெட்டிகள், இரண்டு நாள் பயிற்சி, சட்டம் போட்ட சான்றிதழ், எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ரூபாய் என்றார் வந்தவர். "டாக்டர் வேண்டாமா?" என்று அத்தான் கேட்டதற்கு, "ஒரு டாக்டர் பேரைப் போர்டுல போட்டுக்கிடலாம். மாசம் ஒரு தொகை குடுத்தாப் போதும், அவர் வரவே வேண்டாம்" என்று பதில் வந்தது. ஐயாயிரம் முன்பணமும் கைமாறியது. மீதிக்கு அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கத் துணிந்துவிட்டாள். அன்று இரவு அந்தப் புத்தகத்தை என் மடியில் போட்டு, "ஏல, காலேசுக்குப் போறது நீ ஒருத்தன்தான. சர்க்கார்ல என்னென்ன கேப்பாங்கன்னு வாசிச்சுச் சொல்லு" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் மாணவனுக்குச் சட்டம் எங்கே தெரியும்? ஆயினும் ஒரு சங்கிலியின் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. அரசின் இணையதளத்திலிருந்து சட்டங்களை இறக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். நம் மாணவியர் பலரும் மாணவர் சிலரும் இத்தகைய நிலையங்களுக்குச் சென்று வருவதால், நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் தேடியது 'மெடிக்கல் ஸ்பா' என்ற சொல்லை. நம் மாநிலச் சட்டத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. சொல் இல்லாததால் சட்டமும் இல்லை என்று அந்த விற்பனையாளர் கருதியிருக்கலாம். ஆனால் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பெயர்ப் பலகையைப் பார்ப்பதில்லை. எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், சிகிச்சைக்காக ஆட்களை ஏற்கும் இடம் அதன் கைக்குள் வந்துவிடும். இச்சட்டத்தின் கதையும் விந்தையானது. 1997-இல் இயற்றப்பட்டும் அதைச் செயற்படுத்தும் விதிகள் வகுக்கப்படாமலே இருபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கியது. 2018-இல்தான் சட்டம் திருத்தப்பட்டு விதிகளும் வந்தன. 'தனியார்' என்ற சொல் நீக்கப்பட்டு அரசு மருத்துவமனைகளும் இதற்குள் வந்தன. ஒரே மருத்துவர் அமரும் சிறு கிளினிக்கும் பதிவு செய்தாக வேண்டும். மாவட்டத்தில் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கொடுக்கப்படும் சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இனி, அக்காள் கேட்ட முதற் கேள்வி: "நான் டாக்டர் இல்லையே, நான் முதலாளியா இருக்கலாமா?"

இருக்கலாம் என்பதே விடை. இதை அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் மருத்துவர் அல்லாதவர் மெடிக்கல் ஸ்பாவுக்கு உரிமையாளராக முடியாது. முதல் போடுபவர் இலாபத்தை எண்ணி மருத்துவரின் கையைத் திருப்பிவிடுவார் என்ற அச்சத்தால், மருத்துவத் தொழிலை வணிக நிறுவனம் நடத்தலாகாது என்று அங்கே தடுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அத்தடை இல்லை. இங்கே பெரிய பெரிய மருத்துவமனைகளைக் கம்பெனிகள் நடத்துவதை நாம் காண்கிறோம். ஆகவே, நாங்குநேரி முடிதிருத்தகக்காரர் மகளும் சட்டப்படி ஒரு தோல் சிகிச்சை நிலையத்துக்கு உரிமையாளராகலாம்.

ஆனால் உரிமையாளர் யார் என்பது ஒன்று, ஊசியைப் பிடிப்பவர் யார் என்பது வேறொன்று. இரண்டாவதில் சட்டம் இம்மியும் வளைந்து கொடுப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் அது பதிவேடு ஆகிவிடாது. அவ்வளவு ஏன், பதிவு பெற்ற மருத்துவர்களுக்கே இவ்விஷயத்தில் கட்டுப்பாடு உண்டு. முடி நடுதல் போன்றவற்றைப் பட்டறை வகுப்பிலோ யூட்யூப் பார்த்தோ கற்றுக்கொண்டு செய்துவிட முடியாது, முறையான பயிற்சி வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? இங்கே ஆணையம் பேச வேண்டியதில்லை, அறிவியலே பேசும். நம் தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம், அதாவது ஒரு தலைமுடியின் கனத்தளவுதான். அந்த அடுக்கில் இரத்த நாளம் கிடையாது. முகத்தில் மாவு பூசினாலும் நூல் கொண்டு புருவம் திருத்தினாலும் நாம் பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கிறோம். நுண்ணூசிக் கருவியின் ஊசியோ அரை மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இறங்குகிறது. இரத்தம் ஓடும் அடுக்கைத் தொட்டுவிடுகிறது. ஒருவர் முகத்தைத் தொட்ட ஊசி மற்றொருவர் முகத்தைத் தொட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் அதனோடு செல்லும்.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி நகரில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், வாடிக்கையாளரின் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்து நுண்ணூசியால் முகத்தில் ஏற்றி வந்தனர். 2018-இல் அந்நிலையம் மூடப்பட்டது. அங்கே வந்து போனவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதைப் பற்றி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. அழகு ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அதுவே. அதன் உரிமையாளர், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றத்தை 2022-இல் ஒப்புக்கொண்டார்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர், நம்மைவிட ஓரிரு வயது மூத்தவர், முடி நடும் சிகிச்சை செய்துகொண்டு இரண்டாம் நாள் இறந்து போனார். அந்த நிலையத்துக்கு அழகு நிலைய உரிமம் மட்டுமே இருந்ததாகப் பின்னர் தெரிய வந்தது. மருத்துவம் படித்த ஒருவரே இதில் சிக்கினார் என்றால் மற்றவர் நிலையை எண்ணிப் பாருங்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் பச்சை குத்தும் கடையொன்றில் இளைஞர்களின் நாக்கை இரண்டாகப் பிளந்து தையல் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கைது செய்யப்பட்டுக் கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. முதல் நிகழ்ச்சியில் இடம் பதிவு பெறவில்லை. இரண்டாவதில் இடமும் இல்லை, ஆளும் இல்லை. சட்டம் இடத்தைத் தனியாகவும் ஆளைத் தனியாகவும் கேட்பது ஏன் என்று இவற்றைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. உயிர் ஆபத்து நேர்ந்தால் பிராணவாயுவும் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியும் கண்ணாடியும் உள்ள அறையில் எவ்வளவு கெட்டிக்கார மருத்துவர் நின்றாலும் என்ன செய்துவிட முடியும்?

விற்பனையாளர் தர இருந்த மருந்துப் பெட்டிகளின் பட்டியலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நிறம் கூட்டும் ஊசி என்று அவர் சொன்னது குளூட்டாதயோன். நம் உடலே உண்டாக்கும் மூன்று அமினோ அமிலச் சேர்மம் அது. நம் நாட்டில் ஈரல் நோய்க்காகவே ஊசியாக ஒப்புதல் பெற்றது, நிறத்துக்காக அன்று. பிலிப்பைன்ஸ் நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இந்த ஊசியைத் தோல் வெளுப்புக்குப் போடுவது பற்றி 2019-இல் மக்களை எச்சரித்திருக்கிறது. தோலுரிக்கும் கிளைகாலிக் அமிலம் கரும்பிலும் உள்ளதுதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் செறிவும் பி.எச். அளவும் பார்க்காமல் எந்த அமிலத்தையாவது கையால் தொடுவோமா? அமெரிக்க அழகுப் பொருள் வல்லுநர் குழு, வீட்டு உபயோகத்துக்கு 10 விழுக்காடு வரை, பி.எச். 3.5-க்குக் குறையாமல் என்றும், பயிற்சி பெற்றவர் கையில் 30 விழுக்காடு வரை, பி.எச். 3-க்குக் குறையாமல் என்றும் வரம்பு சொன்னது. பெட்டியில் இருந்த குப்பியின் மேல் 70 விழுக்காடு என்று இருந்தது. பி.எச். அளவு எழுதப்படவே இல்லை. இதை அக்காளிடம் சொன்னபோது அவள் முதன்முறையாகப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

முகப் பூச்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாதரசச் சேர்மங்கள் மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கும். ஆனால் அதே பாதரசம் தோலில் ஊடுருவிச் சிறுநீரகத்தில் போய் அமரும். நம் நாட்டு 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள், கண்ணுக்கான பொருள்கள் நீங்கலாக மற்றவற்றில் தற்செயலாகக்கூடப் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. அப்படியிருந்தும், கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் பலர் பெயர் தெரியாத வெளுப்புப் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள் என்று 2023-இல் அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தனர். இத்தகைய பூச்சுகள் அங்காடியில் கிடைக்கத்தான் செய்கின்றன. உறையில் தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத எதையும் வாங்க வேண்டாம்.

நிற்க. ஊசி போட்டாயிற்று, மீந்த ஊசியை எங்கே போடுவது? இதற்கும் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஊசி போன்ற கூரிய பொருள்கள் துளைக்க முடியாத வெள்ளைக் கலத்தில் சேர வேண்டும். படுக்கை வசதி இல்லாத சிறு கிளினிக்காக இருந்தாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். நம் மாவட்டத்தாருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் கொடகநல்லூர், பழவூர்ப் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவுகள் மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டுக் கிடந்ததையும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பின் லாரிகளில் அவை திருப்பி அள்ளிச் செல்லப்பட்டதையும் நாம் பார்த்தோம். விற்பனையாளரின் புத்தகத்தில் கழிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இவற்றையெல்லாம் கேட்ட அத்தான், "அப்பம் குற்றாலத்துல பண்ணுத மாதிரி எண்ணெய் மசாஜ்னு போட்டுட்டா?" என்றார். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று அதற்கு அழகான பெயர் உண்டு. புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் அது ஒன்று. வாத நோய்க்குச் சிகிச்சை என்று பலகை வைத்தால், பதிவு பெற்ற சித்த மருத்துவர் வேண்டும், நிலையமும் அதே 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாக வேண்டும். 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே ஐந்தரை ஆண்டுகள் படிக்கிறார்கள். வெறும் உடல் அலுப்புக்கு எண்ணெய் தேய்ப்பதானால் அது ஸ்பா. உள்ளாட்சியின் உரிமம் வேண்டும், காவல் துறையின் கண்ணும் அதன்மேல் இருக்கும். ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கூற, அது உடல்மீது ஒருவருக்குள்ள உரிமையைக் குலைக்கும் என்று 2022 ஜனவரியில் மதுரைக் கிளை கூறியது. அத்தான் அத்துடன் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அக்காள் விடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தின் காரணம் எங்கள் வீட்டார்க்குத்தான் முழுமையாகப் புரியும். எங்கள் பாட்டனார் முடி திருத்தியதோடு கட்டிக்குக் கீறிவிடுவார், பல் பிடுங்குவார். பாட்டி சுற்று வட்டாரத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவள். என் சாதிச் சான்றிதழில் இன்றும் 'மருத்துவர்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. இங்கிலாந்திலும் 1540 முதல் 1745 வரை நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கத்தில் இருந்தவர்களே. பிறகு அவர்கள் பிரிந்தார்கள். பிரிந்தவர்களில் ஒரு சாரார் கல்லூரிக்குப் போனார்கள். நம் சென்னை மாகாணத்தில் 1914-இல் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. எங்கள் முன்னோரை யாரும் கல்லூரிக்குக் கூப்பிடவில்லை. கத்தியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு சவரக் கத்தியை விட்டுச் சென்றார்கள். "பேரு மட்டும் மருத்துவன், ஊசியத் தொட்டா செயிலாக்கும்?" என்று அக்காள் கேட்டாள். "முகத்தைப் பத்தி என்னைவிட அவுகளுக்கு என்ன தெரியும்?"

அவள் கேட்டதில் பாதி நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆறு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான முகங்களைத் தொட்ட கைக்கு, அரசு நடத்தும் ஒரு முறையான படிப்பும், அதற்குரிய ஒரு தகுதியும், இன்னின்னது செய்யலாம் என்ற தெளிவான பட்டியலும் இருந்தால் விற்பனையாளரின் இரண்டு நாள் சான்றிதழுக்கு மதிப்பு ஏது? இங்கிலாந்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம், அறுவையில்லா அழகுச் சிகிச்சைகளுக்கு உரிமமுறை ஏற்படுத்த அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதற்கு முந்திய ஆண்டே, பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு அழகுக்காக இத்தகைய ஊசிகள் போடுவதை அங்கே தடை செய்துவிட்டார்கள். மறுபாதியில் அவள் கூற்று நிற்காது. பாட்டி பிள்ளைப்பேறு பார்த்த காலத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று பாட்டியே சொல்லி அழுதிருக்கிறாள். கைத்திறன் இருந்தும், காய்ச்சல் வந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்த காலம் அது. இதை நான் அக்காளிடம் சொன்னபோது அவள் மறுமொழி கூறவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

பிறகு அவளே கணக்குப் போட்டாள். பதிவு பெற்ற தோல் மருத்துவர் ஒருவரை உண்மையாகவே அமர்த்தினால் சம்பளம், தனி அறை, மருத்துவ நிறுவனப் பதிவு, கழிவு அகற்றும் கட்டணம், இவை எல்லாம் உண்டு. புருவம் திருத்துவதற்கு நாற்பது ரூபாய் வாங்கும் ஊரில் இது கட்டுப்படியாகாது. பேர் மட்டும் இரவல் தரும் மருத்துவரை வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். ஆனால் ஒருநாள் ஒரு பெண்ணின் முகம் வெந்துவிட்டால் அறையில் நிற்கப் போவது அக்காள் ஒருத்திதான். முன்பணம் ஐயாயிரம் திரும்பி வரவில்லை. சங்கிலி அம்மா கழுத்தில் இருக்கிறது.

ஆவணியில் அக்காள் பேரூராட்சியில் தொழில் உரிமம் பெற்று அழகு நிலையம் திறந்தாள். முடி, புருவம், மருதாணி, மணப்பெண் அலங்காரம், முகப்பூச்சு இவ்வளவே. வருகிறவர்களில் சிலர், "அந்த வெள்ளையாகுத ஊசி இருக்கா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியை என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். முகத்தில் படை, கரும்புள்ளி என்று வருகிறவர்களிடம், காலையிலேயே போய்த் தோல் பிரிவில் சீட்டு வாங்கிவிடும்படி அதைக் காட்டிச் சொல்லி அனுப்புகிறாள்.